அவர் பேரில் இருந்தவை

அத்தியாயம் 17

செத்துப்போனவன் தினமும் காலை ஏழு மணிக்கு ஆபீஸுக்கு வந்துபோகிறான் என்று டெவலப்பர் ஜஸீலா மேனேஜரிடம் சொன்னது போன வியாழக்கிழமை.

ஆபீஸ் என்று சொன்னாலும் அது சென்னைக் கம்பெனி ஒன்றின் டேட்டாபேஸ்தான். அறுபத்து மூன்று ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் ஊசி குத்திக்கொள்கிற ஒவ்வொருவரின் பெயரும் வயதும் சர்க்கரை அளவும் அங்கேதான் போய்ச் சேரும். யார் எத்தனை மணிக்கு உள்ளே நுழைந்தார்கள் என்பதை அதுவே குறித்துவைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பில் எட்டு மாதமாக, ஒரு நாள் விடாமல், பரணிதரன் பெயர் இருந்தது.

பரணிதரன் போன வைகாசியில் மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்துச் செத்தவன்.

அவனுடைய பாஸ்வேர்டைப் போட்டு நுழைந்தது அவன் மனைவி ஷோபனா. இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே வேலை. டேட்டாபேஸ் மெதுவாகாமல், நின்றுபோகாமல், அதில் வேலை செய்கிற டெவலப்பர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்காராமல் பார்த்துக்கொள்வது. வலங்கைமான் பக்கத்தில் மாமனார் வீட்டு அறையில் இரண்டு மேஜை போட்டுச் செய்துகொண்டிருந்தார்கள். இப்போது ஒரு மேஜையில் லேப்டாப் இருக்கிறது. இன்னொன்றில் மகள் கனிமொழியின் ஒன்றாம் வகுப்புப் புத்தகங்கள்.

காலையில் அவன் பெயரில் நுழைவாள். பட்டியலில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வரும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகுதான் அவளால் பல் விளக்கப் போக முடியும்.

மேனேஜர் குணசேகரன் கேட்டபோது இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. “பழக்கத்துல பண்ணிட்டேன் சார்” என்றாள். அவர் புதன்கிழமை பதினோரு மணிக்கு மீட்டிங் போட்டார். ஒரு மணிக்கு மேல் அந்த அக்கவுண்ட் இருக்கக் கூடாது.

இன்று புதன்கிழமை.

* * *

“என்ன, மூஞ்சி இப்படி வீங்கிக் கெடக்கு?” என்றாள் மாமியார் அகிலாண்டம், உலை அரிசியைக் களைந்துகொண்டே.

“ஒண்ணுமில்ல அத்தை. இன்னிக்கு ஆபீஸ்ல அவங்க பேரை எடுக்கப் போறாங்க.”

“எதுலேருந்து?”

“கம்ப்யூட்டர்லேருந்து.”

அகிலாண்டம் களைந்த தண்ணீரை வாளியில் ஊற்றினாள். “ரேஷன் கார்டுல எடுத்தாச்சு. ஓட்டு லிஸ்டுல எடுத்தாச்சு. கேஸ் புக்குல எடுத்தாச்சு. இன்னும் எங்கெங்கதான் எழுதி வச்சுட்டுப் போனான் இவன்?”

இந்த வீட்டில் இந்த வருஷம் பொங்கல் வைக்கவில்லை. கோலமும் போடவில்லை. நெல் மட்டும் தன் பாட்டுக்கு விளைந்து தலை சாய்ந்து நின்றது. அதற்கு யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்ற யோசனை கிடையாது.

மாமனார் துரைராசு வயலிலிருந்து டீ குடிக்க வந்தார். அறுப்பு மிஷின் பக்கத்து ஊரில் நிற்கிறதாம்.

“பத்து மணிங்கிறான், பதினொண்ணுங்கிறான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைக்கிற மாதிரி அழைக்க வேண்டியிருக்கு” என்றார். பிறகு மருமகளைப் பார்த்தார். “என்னம்மா, பேரை எடுக்கிறாங்களாமே?”

“ஆமா மாமா.”

“எடுத்துட்டா அவன் செஞ்சதெல்லாம் என்னாவும்?”

“வேற பேருக்கு மாத்தணும் மாமா. மாத்தாம அவங்க பேரை எடுக்க முடியாது. அது விடாது.”

“பட்டா மாதிரிதான்னு சொல்லு.”

“அதே மாதிரிதான்.”

“யார் பேருக்கு?”

“என் பேருக்குக் கேக்கப் போறேன்.”

துரைராசு டம்ளரைக் கீழே வைத்தார். “கேளு. தைரியமா கேளு. தாலுகா ஆபீஸ்ல பெத்தவளுக்கு வாரிசுல இடம் உண்டாம், பொண்டாட்டிக்கு உண்டாம், புள்ளைக்கு உண்டாம். அப்பனுக்கு மட்டும் இல்லையாம். எனக்குத்தான் அவன்மேல எந்தப் பாத்தியமும் இல்லாமப் போச்சு. உனக்காவது இருக்கட்டும்.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எட்டு மாதத்தில் அந்த மனுஷன் ஒரு சுற்று இளைத்திருந்தார். அன்று நாற்றங்காலிலிருந்து போன் பண்ணி, “மோட்டாரைப் போட்டுட்டு வாடா” என்று சொன்னவர் அவர்தான். மகன் மீட்டிங்கில் இருந்தான். “ரெண்டு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

* * *

பதினோரு மணிக்குத் திரையில் இரண்டு முகங்கள் வந்தன. ஒன்று குணசேகரன், சென்னையிலிருந்து. இன்னொன்று ஜஸீலா, கூத்தாநல்லூரில் அவள் வீட்டிலிருந்து. ஜஸீலா அழுகையை அடக்கக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, நான் சொல்லாம இருந்திருக்கணுமா?”

“எதுக்கு? செத்தவங்க பேர்ல ஒருத்தர் உள்ள வந்தா யாரா இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும். நானா இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீ ஒரு வாரம் யோசிச்சிருக்க.”

“ஒன்பது நாள்” என்றாள் ஜஸீலா மெதுவாக.

குணசேகரன் கெட்டவர் இல்லை. சாவுக்கு ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்தவர். வரப்பில் வழுக்கி, பேன்ட்டெல்லாம் சேறாகி, அப்படியே சுடுகாடுவரை நடந்தவர். ஆனாலும் வேலை என்று உட்கார்ந்தால் வேலைதான்.

“ஷோபனா, நான் சுத்தி வளைக்கலை. டேட்டாபேஸ்ல பாதி டேபிள் பரணி பேர்ல நிக்குது. அதுல புதுசா ஒரு கட்டம் சேர்க்கணும்னாகூட ஓனர்தான் செய்யணும். ஓனர் இல்ல. பசங்க உங்ககிட்ட வந்து நிக்கிறாங்க, நீங்க அவர் பாஸ்வேர்டைப் போட்டுச் செஞ்சு தர்றீங்க. ஜஸீலா கேட்ட ஒரு கட்டம் ஒன்பது நாளா நிக்குது. நீங்க லீவு போட்டா மொத்த டீமும் லீவு.”

“தெரியும் சார்.”

“அப்புறம் அந்த அஞ்சு மணி ஜாப்.”

அதுவும் அவளுக்குத் தெரியும். முந்தின நாள் முடிவுகளையெல்லாம் கூட்டித் தொகுக்கும் வேலை. தினமும் காலை ஐந்து மணிக்குத் தானாக ஓடும்படி பரணிதரன் வைத்தது. அப்போது அரை மணியில் முடிந்துகொண்டிருந்தது. தகவல் பெருகப் பெருக, இப்போது ஒன்பதுவரை இழுக்கிறது. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க எட்டு மணிக்கு வருகிற சர்க்கரைக்காரர்கள் கவுன்ட்டரில் நிற்க, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஐந்தை இரண்டு என்று மாற்றினால் தீர்ந்தது. ஒரு வரி வேலை.

எட்டு மாதமாக அவள் அதைச் செய்யவில்லை. ஐந்து என்பது அவன் வைத்த நேரம்.

“போன வாரம் ஒரு லேப்ல வயசான அம்மா ஒருத்தங்க மயங்கி விழுந்துட்டாங்க ஷோபனா. பெரிசா ஒண்ணும் ஆகலை. ஆனா விழுந்தாங்க.”

ஷோபனா தலையைக் குனிந்துகொண்டாள். இதற்கு என்ன சமாதானம் சொன்னாலும் அது திமிர்தான்.

“எல்லாத்தையும் மாத்திடறேன் சார். என் பேருக்கு மாத்திக்கிறேன்.”

“உங்க பேரும் வேண்டாம்” என்றார் குணசேகரன்.

“சார்?”

“யார் பேரும் வேண்டாம். பொதுவா ஒரு அக்கவுண்ட் போடுவோம். அது ஓனரா இருக்கட்டும். ஆள் வருவாங்க, போவாங்க. இந்த யோசனையை ரெண்டு வருஷம் முன்னாடி மீட்டிங்ல சொன்னது யார்னு ஞாபகம் இருக்கா?”

அவள்தான் சொன்னாள். பரணிதரன்தான் சிரித்து மறுத்தான். ‘நம்ம செஞ்சது நம்ம பேர்ல இருக்கட்டுமே’ என்றான். நியாயம் அவள் பக்கம் இருந்தது. இன்று அந்த நியாயமே அவள் கழுத்தைப் பிடித்தது.

“சரி சார்” என்றாள்.

* * *

முதலில் சும்மா ஒரு முறை, நீக்கு என்று கட்டளை கொடுத்துப் பார்த்தாள். மறுத்துவிட்டது. இந்தப் பெயரை நீக்க முடியாது, டேபிளும் மற்றதுமாக இருநூற்றுப் பதினான்கு பொருள்கள் இதைச் சார்ந்திருக்கின்றன என்றது.

வருகிறவர்கள் எல்லாரும் ‘ஆச்சு, மனசைத் தேத்திக்க’ என்று சொல்லிவிட்டுப் போன எட்டு மாதத்தில், முடியாது என்று சொன்னது இந்த மிஷின் ஒன்றுதான்.

பட்டியலை வரவழைத்தாள். ஒவ்வொன்றாகப் பொதுப் பெயருக்கு மாற்றினாள். மொத்தமாக ஒரே கட்டளையில் மாற்றலாம். அவள் ஒவ்வொன்றாகத்தான் மாற்றினாள். திரையில் இருந்த இருவரும் அவசரப்படுத்தவில்லை.

நடுவில் ஒரு இன்டெக்ஸ் வந்தது. தேடுவது சீக்கிரம் கிடைப்பதற்காக டேபிளுக்குப் போட்டுவைக்கும் அகராதி மாதிரி அது. கல்யாணமான புதிதில் இதற்காக இரண்டு பேரும் மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறார்கள். தேவையில்லாத பாரம் என்றாள் அவள். போட்டுத்தான் தீருவேன் என்றான் அவன். போட்டான். நாற்பது செகண்ட் எடுத்த ரிப்போர்ட் அரை செகண்டில் வந்தது. அதன் பிறகு தனியாக இருக்கும்போது அவளை ‘அரை செகண்டு’ என்றே கூப்பிடுவான்.

அதையும் மாற்றினாள்.

“இருநூத்துப் பதிமூணு ஆச்சு” என்றாள் ஜஸீலா. “இன்னும் ஒண்ணு நிக்குது அக்கா. மோட்டார் கணக்குன்னு ஒரு டேபிள். இது என்னது?”

ஷோபனாவுக்கும் தெரியவில்லை. அவனுடைய சொந்த இடத்தில் தனியாகக் கிடந்தது.

“ஏதாவது சோதனைக்குப் போட்டு வச்சிருப்பார். கம்பெனிக்குச் சம்பந்தமில்லாதது. அழிச்சிடுங்க” என்றார் குணசேகரன்.

“ஒரு நிமிஷம் சார். தண்ணி குடிச்சிட்டு வர்றேன்.”

திரை பகிர்வதை நிறுத்தினாள். கேமராவை மூடினாள். தண்ணீர் குடிக்கவில்லை. டேபிளைத் திறந்தாள்.

மும்முனைக் கரண்ட் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று நாள்வாரியாக எழுதிவைத்திருந்தான். அப்பா எப்போது மோட்டார் போடப் போகலாம் என்று முன்கூட்டிச் சொல்வதற்காக இருக்கும். கடைசிக் கட்டத்தில் குறிப்பு எழுத இடம். பெரும்பாலும் காலி. மே மாதத்தில் நான்கு வரிகள்.

மே 9: ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறது.

மே 14: இன்றும் ஷாக். எர்த் கம்பி அறுந்து கிடக்கிறது. அப்பாவிடம் சொன்னேன்.

மே 21: மறுபடி சொன்னேன். மெக்கானிக் மருதையன் வருவான் என்கிறார்.

மே 27: மருதையன் வரவில்லை. நாத்து விட்டுட்டுப் பாத்துக்கலாம் என்கிறார் அப்பா. செருப்பு போடாமல் பெட்டியைத் தொடாதீங்க என்று சொல்லியிருக்கிறேன்.

அவன் செத்தது மே இருபத்தெட்டு. அன்று மழை. சேற்றில் மாட்டும் என்று செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனான்.

போலீஸ் கேட்டபோது துரைராசு சொன்னது ஷோபனாவுக்கு அச்சு மாறாமல் ஞாபகம் இருந்தது. ‘இத்தனை வருஷத்துல அந்தப் பெட்டியில ஒரு நாளும் ஷாக் இருந்ததில்லைங்க.’ துஷ்டி கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். அகிலாண்டத்திடமும். விதி என்று நம்பித்தான் அவள் அந்த மனுஷனுக்கு இன்றைக்கும் சோறு போடுகிறாள். தெரிந்தால் இந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரியும்.

“ஷோபனா, இருக்கீங்களா?” குணசேகரனின் குரல்.

“இருக்கேன் சார்.”

கம்பெனி டேட்டாபேஸிலிருந்து ஒரு வரியைக்கூடத் தன்னுடைய லேப்டாப்புக்கு எடுக்கக் கூடாது. அது சட்டம். அந்தச் சட்டத்தை எழுதிக் கொடுத்ததும் அவள்தான். கனிமொழி தினமும் காலண்டரில் கிழித்துச் சேர்த்துவைக்கும் தேதித்தாள் கட்டு பக்கத்து மேஜையில் இருந்தது. ஒன்றை உருவினாள். பின்பக்கம் வெள்ளை. பென்சிலால் நான்கு வரியையும் எழுதினாள். அவசரத்தில் எழுத்துகள் குழந்தை எழுதியது போல வந்தன.

எதற்கு எழுதுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. யாரிடம் காட்டப்போகிறாள்? காட்டினால் யார் வாழ்வார்கள்? ஆனால் அவன் எழுதியது அதுதான் கடைசி.

தாளை லேப்டாப்புக்கு அடியில் செருகினாள். கேமராவைத் திறந்து, திரையை மறுபடி பகிர்ந்தாள். டேபிளை அழித்தாள்.

“அழிச்சாச்சு சார்.”

“சரி. இப்போ அக்கவுண்ட். முறை தெரியும்ல? எந்தப் பேரை நீக்குறோம்னு செய்றவங்க வாய்விட்டுச் சொல்லணும். ரெண்டாவது ஆள் திருப்பிச் சொல்லணும். அப்புறம்தான் பட்டன்.”

கை தவறி வேறு பெயரை நீக்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு.

“அந்த அக்கவுண்ட்தான் சார்.”

“பேரைச் சொல்லுங்க.”

“உங்களுக்குத் தெரியுமே சார்.”

“பதிவாகுது ஷோபனா. பேர் வேணும்.”

அறைக்கு வெளியே கூடத்தில் அகிலாண்டம் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஏழு வருஷம். இந்த வீட்டில், மாமியார் காதுபட, ஷோபனா ஒரு நாளும் புருஷன் பேரைச் சொன்னதில்லை. அகிலாண்டமும் துரைராசு பேரைச் சொன்னதில்லை. பேங்கில் கேட்டால்கூடப் பாஸ் புக்கைத்தான் நீட்டுவாள். கதவைச் சாத்திக்கொண்டு பரணி, டேய் பரணி என்று கொஞ்சியதும் கத்தியதும் வேறு. அறையைவிட்டு வெளியே வந்தால் ‘அவங்க’தான்.

“பரணிதரன்” என்றாள்.

சரியாகக் கேட்கவில்லை என்றாள் ஜஸீலா அழுகையோடு.

“பரணிதரன்!”

சத்தமாக வந்துவிட்டது. யாரையோ கூப்பிடுவது போல, கொல்லையில் நிற்கிறவனைச் சாப்பிடக் கூப்பிடுவது போல வந்துவிட்டது.

கூடத்தில் முறம் விழுந்தது. உளுந்து சிதறிய சத்தம். அகிலாண்டம் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். முகமெல்லாம் மலர்ந்து கிடந்தது.

“எங்க? வந்துட்டானா?”

கேட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. கதவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. வெறும் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

“பரணிதரன்” என்று ஜஸீலா திருப்பிச் சொன்னாள்.

ஷோபனா பட்டனை அழுத்தினாள். பட்டியலில் அந்த வரி இருந்த இடத்தில் கீழே இருந்த வரி மேலேறி உட்கார்ந்துகொண்டது. பிறகு ஐந்தை அழித்துவிட்டு இரண்டு என்று போட்டாள்.

குணசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க” என்றார்.

“என்னோட கட்டம் ஏறிடுச்சு சார்” என்றாள் ஜஸீலா மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “நாலு செகண்ட்தான் ஆச்சு.”

* * *

பன்னிரண்டரைக்கு மிஷின் வந்து இறங்கிவிட்டது. தூரத்தில் அது கத்துவது வீடுவரை கேட்டது. முதல் டேங்க் நெல் கொட்டியதும் துரைராசு சாப்பிட வந்தார். தலையெல்லாம் வைக்கோல் தூசி.

அகிலாண்டம் சிதறிய உளுந்தைத் தரையிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நேரே அறை வாசலில் வந்து நின்றார்.

“முடிஞ்சுதாம்மா?”

“முடிஞ்சுது மாமா.”

“உன் பேருக்குக் குடுத்தாங்களா?”

“இல்ல. பொதுவுல போட்டுட்டாங்க. அதுதான் சரி.”

“சரிதான். கோயில் நிலம் மாதிரி.” அவர் போகவில்லை. நிலைப்படியில் ஒட்டியிருந்த தூசியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். “அதுல மோட்டார் கணக்குன்னு ஒண்ணு எழுதிட்டு இருப்பான். இன்னிக்கு இத்தனை மணிக்குக் கரண்ட் வரும்பான். அதுவும் இருந்துச்சா?”

ஷோபனாவின் கை தானாக லேப்டாப்பின் மேல் போய் உட்கார்ந்தது.

“இருந்துச்சு மாமா. அழிச்சுட்டேன்.”

துரைராசு நீளமாக மூச்சு விட்டார். தோள் இரண்டும் கீழே இறங்கின. திரும்பினார். இரண்டடி வைத்தவர் நின்றுவிட்டார். முகத்தைக் காட்டாமலே கேட்டார்.

“படிச்சியா?”

மிஷின் சத்தம் தணிந்திருந்தது. வயல் மூலையில் திரும்புகிறது போலிருக்கிறது.

“என்னத்தைப் படிச்சியான்னு கேக்குறீங்க?” என்றாள் அகிலாண்டம், உளுந்து பொறுக்குவதை விட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தி.